பினாங்கு... மூணு நாள்... ரெண்டு அரியர்!

"ஃபாரின் போயிட்டு வந்தியே மச்சி, என்ன வாங்கிட்டு வந்தே?"

காலேஜ் திறந்த முதல் நாள், கேன்டீன்ல பசங்க கேட்ட முதல் கேள்வி. "ரெண்டு அரியர்"னேன். விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. ஜோக்குன்னு நினைச்சுட்டாங்க போல. சத்தியமா ஜோக் இல்லைங்க. மலேசியாவுல பினாங்குன்னு ஒரு தீவு. அங்கே, லீவு முடிய மூணே நாள் இருக்கும்போது, ராத்திரி பத்தரை மணிக்கு, சித்தப்பா வீட்டு சோபாவுல உட்கார்ந்து நான் வாங்கினதுதான் அந்த ரெண்டும்!

கொஞ்சம் ரீவைண்டு பண்ணிக்கலாமா?

நான் இ.சி.இ. மூணாவது வருஷம். சொந்த ஊர் மதுரை. அப்பா லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கார். சித்தப்பாவுக்கு பினாங்குல ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில வேலை. அங்கே பாயான் லெப்பாஸ்னு ஒரு தொழிற்பேட்டை இருக்கு. 1972-லயே இன்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தன்னோட முதல் ஃபேக்டரியை அங்கேதான் ஆரம்பிச்சது. இன்னிக்கு அந்த ஏரியா முழுக்க சிப் கம்பெனிகள்தான். 'இ.சி.இ. படிக்கிற பையன், இதையெல்லாம் ஒரு தடவை கண்ணால பார்க்கட்டுமே'ன்னு சித்தப்பாவுக்கு ஆசை. 2023 டிசம்பர்லேர்ந்து நம்ம ஊர்க்காரங்க விசா இல்லாமலே மலேசியா வரலாம்னு அறிவிச்சதும் அவருக்கு வசதியாப் போச்சு. டிக்கெட்டும் அவரே எடுத்துட்டார்.

அப்பா சம்மதிச்சதுக்கு ஒரே காரணம்தான். "நல்லாப் படிக்கிற பையன். போயிட்டு வரட்டும்."

இந்த டயலாக்கை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி குத்தும்.

மொத்தம் பதினெட்டு நாள். முதல் வாரம் பக்கா டூரிஸ்ட்டா திரிஞ்சேன். யுனெஸ்கோ 2008-ல உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த ஜார்ஜ் டவுன் தெருக்கள், சுவத்துல சைக்கிள் ஓட்டற குட்டிப் பசங்க ஓவியம், கெக் லோக் சி புத்தர் கோயில், மலை ரயில்... எல்லா இடத்துலயும் ஒரே போஸ்ல போட்டோ. அம்மாவுக்கு அனுப்பினா, "எல்லாத்துலயும் நீதான் இருக்கே, ஊரு எங்கடா?"ன்னு பதில் வந்துச்சு.

அப்புறம்தான் சித்தப்பா ஃப்ளாட்டுக்குக் கீழே இருந்த பேட்மின்டன் கோர்ட்ல ஒரு செட் மாட்டுச்சு. பேர் போட்டா உதைப்பாங்க. அதனால பட்டப்பேர்தான்.

முதல் ஆள், வெள்ளி. மலேசியத் தமிழ்ப் பையன். பாலிடெக்னிக் மாணவன், சாயங்காலம் பைக்ல சாப்பாடு டெலிவரி. அங்கே நம்ம ஆளுங்க ரிங்கிட்டை 'வெள்ளி'ன்னுதான் சொல்றாங்க. இவன் எதைப் பார்த்தாலும் "இது எத்தனை வெள்ளி தெரியுமா?"ன்னுதான் ஆரம்பிப்பான். ரெண்டாவது ஆள், லக்சா. சீனப் பையன். மீன் குழம்புல புளியைக் கரைச்சு நூடுல்ஸைப் போட்ட மாதிரி அசாம் லக்சான்னு ஒரு அயிட்டம் அந்த ஊர்ல ஃபேமஸ். அவங்க அப்பா, அம்மா அந்தக் கடைதான் வெச்சிருக்காங்க. மூணாவது, கக்கா. மலாய்க்காரப் பொண்ணு. எங்க எல்லாரையும் விட மூணு, நாலு வயசு பெரியவங்க. மலாய்ல 'கக்கா'ன்னா அக்கா. சிப் ஃபேக்டரியில டெக்னீஷியன். பேட்மின்டன்ல ஸ்மாஷ் அடிச்சா எமன்!

வெள்ளியோட தமிழ், மத்த ரெண்டு பேரோட உடைஞ்ச இங்கிலீஷ். ஆனா, மூணு பேருமே என்னைக் கூப்பிட்டது 'மச்சா'ன்னுதான்! நம்ம 'மச்சான்' அங்கே மலாய், சீனப் பசங்க வாய்லயும் புழங்குது. ஒரு சீனப் பையன் "டேய் மச்சா"ன்னு கூப்பிட்டப்போ எனக்கு மயக்கமே வந்துச்சு.

இவங்ககிட்ட நான் விட்ட பந்தா இருக்கே... "கிளாஸ்ல டாப் த்ரீ". அதோட விட்டேனா? வெள்ளி கணக்குல தடுமாறினப்போ, அவனுக்கு ரெண்டு ராத்திரி லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் வேற சொல்லிக் கொடுத்தேன். "உனக்கு நல்லா வருது மச்சா"ன்னு அவன் சொன்னப்போ காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

*

வியாழக்கிழமை ராத்திரி. மறுநாள் காலையில கோலாலம்பூருக்கு பஸ். இரட்டைக் கோபுரம், பத்துமலை முருகன், ஷாப்பிங்னு ரெண்டு நாளுக்கு லிஸ்ட் ரெடி. ஞாயிறு ராத்திரி சென்னைக்கு ஃப்ளைட். சித்தி ஊருக்குப் போயிருந்தாங்க, சித்தப்பா நைட் ஷிஃப்ட். வீட்டுல நான் மட்டும்.

நம்ம ஊர் நேரத்துக்கு எட்டு மணி, அங்கே பத்தரை. கிளாஸ் குரூப்ல ஒரே மெசேஜ்: 'ரிசல்ட் வந்தாச்சு!'

சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் காலி. எலெக்ட்ரோமேக்னெடிக் ஃபீல்ட்ஸ் காலி.

லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் எந்தப் பேப்பர்ல வரும்னு இ.சி.இ. பசங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ரிசல்ட் பக்கத்தை ஏழு தடவை ரெஃப்ரெஷ் பண்ணினேன். ஏழு தடவையும் அதே ரிசல்ட். அப்பா போன் அடிச்சார். "ரிசல்ட் வந்துடுச்சாம்ல? பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்."

"இங்கே நெட் சரியில்லப்பா... பார்த்துட்டுச் சொல்றேன்."

சிப் தயாரிக்கிற ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு நெட் சரியில்லைன்னு சொன்ன முதல் ஆள் நானாத்தான் இருப்பேன். சித்தப்பாவுக்கு 'வயிறு சரியில்லை, கே.எல். போகலை'ன்னு ஒரு மெசேஜ் தட்டிட்டு, விட்டத்தைப் பார்த்தபடி படுத்துட்டேன். வெளிநாட்டுல ஃபெயில் ஆகறதுல ஒரு கொடுமை என்னன்னா, கூட ஃபெயில் ஆனவன் எவனும் பக்கத்துல இருக்க மாட்டான். ஹாஸ்டலா இருந்தா அந்த நேரத்துக்கு மொட்டை மாடியில பத்துப் பேர் சேர்ந்திருப்போம்!

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெள்ளியும் லக்சாவும் கதவைத் தட்டினாங்க.

"பசியாறியாச்சா?" — இது வெள்ளி. அங்கே தமிழ்ல சாப்பிட்டாச்சாங்கறதை இப்படித்தான் கேட்கறாங்க.

"வயிறு சரியில்ல."

"அப்போ கண்டிப்பா சாப்பிடணும்லா!"

'லா'ங்கறது அந்த ஊரோட முற்றுப்புள்ளி. எந்த மொழியில பேசினாலும் கடைசியில வந்து உட்கார்ந்துக்கும்.

இழுத்துட்டுப் போனது ஒரு நாசி கண்டார் கடைக்கு. இதுல நம்ம கதை ஒண்ணு இருக்கு. நாசின்னா சோறு. கண்டார்னா தோள்ல கம்பு வெச்சுச் சுமக்கறது. அந்தக் காலத்துல இங்கேயிருந்து போன தமிழ் முஸ்லிம்கள், காவடி மாதிரி ஒரு கம்போட ரெண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு, தெருத்தெருவா வித்த சாப்பாடு. இன்னிக்கு மூணு இனத்துக்காரங்களும் வரிசையில நிக்கறாங்க. 'பஞ்சிர்'னு சொன்னா, நாலஞ்சு குழம்பையும் ஒண்ணா ஊத்தித் தட்டையே முழுகடிச்சுடுவாங்க. பஞ்சிர்னா மலாய்ல வெள்ளம்னு அர்த்தம்!

நான் மட்டன், கோழி, வெண்டைக்காய்னு ரெண்டு தட்டு காலி பண்ணினேன். லக்சா என்னையே பார்த்துக்கிட்டிருந்தான். "மச்சா, இது வயிறு சரியில்லாதவன் சாப்பிடற சாப்பாடு இல்லையே... என்ன பிரச்னை?"

சொல்லிட்டேன். டாப் த்ரீ பீலா, ரெண்டு அரியர், அப்பாகிட்ட விட்ட நெட் கதை, எல்லாத்தையும். அதுவும் வெள்ளியோட மூஞ்சியைப் பார்க்காம.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் சிரிச்சாங்க பாருங்க... பக்கத்து டேபிள்காரர் திரும்பிப் பார்க்கற அளவுக்கு! எனக்கு வந்துச்சே கோபம்.

"கோவிச்சுக்காதே மச்சா. நாங்க ரெண்டு பேரும் எப்படி ஃப்ரெண்ட்ஸ் ஆனோம்னு நீ கேட்டதே இல்லையே"ன்னான் வெள்ளி.

மலேசியாவுல ஆரம்பப் பள்ளி மூணு வகை. மலாய், சீனம், தமிழ். தமிழ்ப் பள்ளியே 500-க்கும் மேல இருக்கு. ஆனா, அதுக்கப்புறம் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போனா எல்லாமே மலாய்லதான். இவங்க படிச்ச காலத்துல, ஆறாம் கிளாஸ் பரீட்சையில மலாய் மொழியில சரியா மார்க் வாங்கலைன்னா, நடுவுல ஒரு வருஷம் 'ரிமூவ் கிளாஸ்'ல உட்கார வேண்டியிருந்தது. தமிழ்ப் பள்ளியிலேர்ந்து இவன். சீனப் பள்ளியிலேர்ந்து அவன். ரெண்டு பேருக்கும் மலாய் தகராறு. ஒரே பெஞ்ச்!

"இவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. ரெண்டு பேருக்கும் மலாயும் தெரியாது. முதல் மூணு மாசம் கையைக் காட்டித்தான் பேசினோம். அந்த ஒரு வருஷம் போனதுனால எங்க செட்டை விட ஒரு வருஷம் பின்னாடி இருக்கோம். ஆனா, பாஸாகியிருந்தா இவன் யாருன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

லக்சா டீ கிளாஸைத் தூக்கி, "ஃபெயிலுக்கு சியர்ஸ்"னான். அட்வைஸ் அவ்வளவுதான். பில்லையும் அவனே கட்டினான்.

*

மறுநாள் காலையில அஞ்சரைக்கே எழுப்பிட்டாங்க. "பத்துமலைக்குப் போக முடியலைன்னு வருத்தப்படாதே. அங்கே 272 படிதான். எங்க தண்ணீர்மலையில 513. கணக்குப்படி உனக்கு லாபம்!"

தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்துல, குன்று மேல முருகன் கோயில். அந்த இடத்துக்கே தமிழ்ல தண்ணீர்மலைன்னுதான் பேரு. தைப்பூசத்துக்கு ஊரே திரளும். லக்சாவோட அம்மா வருஷாவருஷம் வேண்டிக்கிட்டு ரோட்டுல தேங்காய் உடைப்பாங்களாம். சீனக் குடும்பங்கள் மூட்டை மூட்டையா தேங்காய் உடைக்கறது அங்கே சர்வ சாதாரணம்.

படி ஏற ஆரம்பிச்சதும் வெள்ளி ஒரு ரூல் போட்டான். நூறு படிக்கு ஒரு உண்மை. ஒவ்வொருத்தரும் சொல்லணும்.

முதல் நூறு. நான்: "ஃபீல்ட்ஸ் புக்கை ஸ்டடி ஹாலிடேஸ்லதான் முதல் தடவையா திறந்தேன்." வெள்ளி: "நீ லாப்லாஸ் சொல்லிக் கொடுத்தியே, அந்தப் பேப்பர்ல நான் ஏற்கெனவே ஒரு தடவை அவுட்." அடப்பாவி!

இருநூறு. நான்: "முதல் இன்டர்னல்ல ஃபெயில் ஆனதையும் வீட்டுல சொல்லலை." லக்சா: "எனக்குக் கடையைப் பார்த்துக்க விருப்பம் இல்லை. அனிமேஷன் படிக்கணும். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை."

முந்நூறாவது படியில மூச்சு முட்டுச்சு. உட்கார்ந்துட்டேன். கீழே ஊர் அப்போதான் வெளுக்குது. அங்கேதான் அது வாயிலேர்ந்து வந்துச்சு. நான் யோசிச்சுச் சொல்லலை.

"நல்லாப் படிக்கிற பையன்னு பேர் எடுத்துட்டேன்டா. அந்தப் பேர் போயிடுமோன்னு கிளாஸ்ல ஒரு டவுட் கூடக் கேட்டதில்லை. ரெண்டு வருஷமா புரியாததுக்கெல்லாம் தலையாட்டிட்டே இருக்கேன்."

ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லலை. வெள்ளி தண்ணி பாட்டிலை நீட்டினான். கொஞ்ச நேரம் கழிச்சு மட்டும், "நீ சொல்லிக் கொடுத்தது எனக்குப் புரிஞ்சுச்சே மச்சா. பொய்யாப் புரியுமா என்ன? உனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சரியாத்தான் தெரிஞ்சிருக்கு. தெரியாததைக் கேளு, அவ்வளவுதான்"னான்.

இதை ஹாஸ்டல்ல சொல்லியிருப்பேனா? மாட்டேன். வீட்டுல? சான்ஸே இல்லை. இன்னும் ரெண்டு நாள்ல கிளம்பப் போற ஊர்ல, என்கிட்ட எதையும் எதிர்பார்க்காத ரெண்டு பேர்கிட்டத்தான் சொல்ல முடிஞ்சுது. அது ஏன்னு இன்னிக்கும் முழுசாப் புரியலை.

மிச்சம் 213 படியை வாயை மூடிக்கிட்டு ஏறினோம்.

*

ஞாயித்துக்கிழமை கக்காவோட காடியில (அங்கே காரைக் காடின்னுதான் சொல்றாங்க!) பாலிக் புலாவ். தீவோட பின்பக்கம். ஜூன் மாசம்னா டுரியான் சீசன். நம்ம பலாவோட கோபக்காரத் தம்பி மாதிரி முள்ளு முள்ளா இருக்கும். வாசனை இருக்கே... ஹோட்டல்ல ரூமுக்குள்ளேயே கொண்டு வரக் கூடாதுன்னு போர்டு மாட்டற அளவுக்கு! ஆனா, ருசி? முதல் சுளை தண்டனை, ரெண்டாவது சுளை சந்தேகம், மூணாவது சுளையில ஆள் ஃபிளாட்.

மலேசியாவுல டுரியானைப் பறிக்கறது வழக்கம் இல்லையாம். பழுத்துத் தானா மரத்துலேர்ந்து விழற வரைக்கும் காத்திருக்காங்க. அடியில வலை கட்டி வெச்சிருந்தாங்க. லக்சாவுக்கு இது போதாதா? "பார்த்தியா மச்சா, விழுந்தாத்தான் ருசி!"

"போதும்டா தத்துவம்"னேன். அதுக்குள்ள கக்காவுக்கு விஷயம் போயிருந்தது. அவங்க சுளையைச் சப்பிக்கிட்டே கூலா சொன்னாங்க. "எங்க டெஸ்ட் லைன்ல ஒரு சிப் ஃபெயில்னு வந்தா உடனே குப்பையில போட மாட்டோம் தம்பி. சாக்கெட்ல சரியா உட்காராம இருந்திருக்கும், பின் சரியாத் தொடாம இருந்திருக்கும். எடுத்து, துடைச்சு, ரீ-டெஸ்ட் பண்ணுவோம். நிறைய பாஸாயிடும்."

எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. லக்சா விடுவானா? "கக்கா, ரீ-டெஸ்ட்லயும் ஃபெயிலானா?"

"ரிஜெக்ட் டப்பாதான்!"

மூணு பேரும் கைதட்டிச் சிரிச்சாங்க. நானும்தான்.

*

சாயங்காலம் கடைசியா உட்கார்ந்தது குயின்ஸ்பே கடற்கரைச் சுவத்துல. எதிர்ல பச்சைப்பசேல்னு ஒரு குட்டித் தீவு. புலாவ் ஜெரஜாக். 'அழகா இருக்கே'ன்னு போட்டோ எடுக்கப் போனேன்.

"அந்தக் காலத்துல கப்பல்ல வந்தவங்களுக்குத் தொத்துநோய் இருக்கான்னு பார்க்க, முதல்ல அங்கேதான் இறக்கி வெச்சிருப்பாங்க"ன்னான் வெள்ளி. "எங்க கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்துலேர்ந்து வந்தவர். மூணு வருஷத்துல திரும்பி வந்துடறேன்னு சொல்லிட்டு வந்தாராம். கித்தாக் காட்டுலயே வாழ்க்கை போச்சு. திரும்பவே இல்லை. ஊருக்குக் கடைசியா என்ன எழுதினார், எழுதினாரா இல்லையான்னு எங்க யாருக்கும் தெரியாது." கித்தான்னா ரப்பர்.

கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும்தான்.

"நீ நாளைக்குக் காலையில வீட்டுல இருப்பே. நேர்ல போய் மாட்டறதுக்குள்ள போன்ல சொல்லிடு மச்சா"ன்னான்.

போட்டேன். கை நடுங்குச்சு. அப்பா எடுத்தார். பின்னாடி லாரி ஹாரன் சத்தம்.

"அப்பா... ரெண்டு பேப்பர் போயிடுச்சுப்பா. நெட் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

ரொம்ப நேரம் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"எப்போ தெரியும்?"

"வியாழக்கிழமையே தெரியும்."

"மூணு நாளா சாப்பிட்டியா, இல்லையா?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் தயாராகவே இல்லை. அழுதுட்டேன். "சரி, வா. வீட்டுல பேசிக்கலாம்"னு வெச்சுட்டார். ('பேசிக்கலாம்'னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். பேசினார். ரெண்டு மணி நேரம்!)

திரும்பிப் பார்த்தா மூணு பேரும் கடலைப் பார்க்கற மாதிரி நடிச்சுக்கிட்டிருந்தாங்க. கக்கா ஒரு டிஷ்யூ பாக்கெட்டை மட்டும் தள்ளி வெச்சாங்க.

ஏர்போர்ட் போற வழியில சித்தப்பாகிட்டயும் சொன்னேன். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கிட்டே, "எனக்கு நாலு இருந்துச்சுடா. உங்க அப்பாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. உளறி வெச்சுடாதே!"

*

இரட்டைக் கோபுரத்தை நான் பார்க்கலை. பத்துமலையையும் பார்க்கலை. அந்த மூணு நாள்ல மொத்தமே எடுத்தது நாலு போட்டோ. அதுல ஒண்ணு டுரியான். ஆனா, பதினெட்டு நாள்ல பினாங்கைப் பத்தி யாராவது கேட்டா, எனக்கு வர்ற கதையெல்லாம் அந்த மூணு நாள் கதைதான். முதல் வாரம் அந்த ஊரைச் சுத்திப் பார்த்தேன். கடைசி மூணு நாள்தான் அங்கே இருந்தேன்.

இந்த செமஸ்டர்ல ரெண்டு மாற்றம். ஒண்ணு, பெஞ்ச் மாறியாச்சு. கடைசியிலேர்ந்து ரெண்டாவது! (எடுத்த எடுப்புல முதல் பெஞ்ச்னா உடம்பு தாங்காது.) ரெண்டு, கிளாஸ்ல கையைத் தூக்கி டவுட் கேட்கறேன். முதல் தடவை கேட்டப்போ மொத்த கிளாஸும் திரும்பிப் பார்த்துச்சு. ரெண்டாவது தடவை பாதி கிளாஸ். இப்போ யாரும் கண்டுக்கறதில்லை. நவம்பர்ல ரீ-டெஸ்ட்.

போன வாரம் எங்க நாலு பேர் குரூப்ல ரெண்டு மெசேஜ். வெள்ளி கணக்குல பாஸ்! லக்சா அவங்க அப்பாகிட்ட சொல்லிட்டான். நாலு நாளா அவர் பேசலையாம். ஆனா, லக்சா கிண்ணத்தை மட்டும் வழக்கம்போல டேபிள்ல கொண்டு வந்து வெச்சுட்டுப் போறாராம்.

டிசம்பர்ல வெள்ளி மதுரைக்கு வர்றான். கொள்ளுத்தாத்தா ஏறின நாகப்பட்டினத்தைப் பார்க்கணுமாம். அதுக்கு ஒரு நாள். மீனாட்சி அம்மன் கோயில், நாயக்கர் மஹால் எல்லாம் இன்னொரு நாள்ல முடிச்சுடுவோம். மிச்ச நாளுக்கு நான் போட்டு வெச்சிருக்கற லிஸ்ட் வேற. எங்க அப்பா கடை, காலேஜ் வாசல் டீக்கடை, அப்புறம் நான் அரியருக்குப் படிச்ச மொட்டை மாடி!